ஊசிக்கு முன் ஒரு கேள்வி

எனக்கு ஊசி என்றால் பயம். சவூதியில் ஆட்டுப்பட்டியில் கிடந்து புழுதிப்புயலுக்கும் ஓநாய்க்கும் அசையாதவன், ரத்தம் எடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ரத்தோட்டைக்குத் திரும்பிய பிறகு வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். மாத்தளை டவுனில் தனியார் இடமொன்றில் ஸ்கேன் பண்ணினால் ஈரலில் நீர்க்கட்டி. "சின்ன ஊசிதான். குத்திக் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால் தெரிந்துவிடும், நாளைக்கே வாங்க" என்றார்கள். நான் போகவில்லை. இன்னொரு டொக்டரிடமும் காட்டவேண்டும் என்று வீட்டில் சாக்குச் சொன்னேன். மனைவி அதை நம்பி என்னைப் பேராதனைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அங்கே டொக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டில் என்ன வேலை? ஆட்டோடு நாயும் இருந்ததா?" என்று சிங்களத்தில் கேட்டார். இருந்தது. ஆடு அறுத்தால் ஈரலும் குடலும் நாய்களுக்குத்தான். அவற்றைத் தடவிக்கொடுத்த கையாலேயே குப்பூஸைப் பிய்த்துத் தின்றிருக்கிறேன்.

நாயின் குடலில் வாழும் எக்கினோகொக்கஸ் என்ற நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போனால், ஈரலில் கட்டியாகி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். உள்ளே நீர் அழுத்தத்தோடு நிற்கும். அதில் புழுக்குருத்துகள் மிதக்கும். தெரியாமல் குத்திக் கசிந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். தப்பினாலும், சிந்திய குருத்துகள் வயிற்றுக்குள் அங்கங்கே புதுக்கட்டிகளாக முளைக்கலாம். இதைக் கண்டுபிடிக்கக் குத்தவே வேண்டியதில்லை. கட்டிக்குள் குட்டிக்கட்டிகள் ஸ்கேனிலேயே தெரிந்தால் பெரும்பாலும் போதும். கூடவே ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பார்கள்.

அதற்காக ஊசியைத் திட்டுவது நியாயமில்லை. எனக்குச் சிகிச்சையே ஊசியால்தான் நடந்தது. முன்கூட்டியே அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து, அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்கேனைப் பார்த்தபடி நீரை உறிஞ்சினார்கள். புழுவைக் கொல்லும் கரைசலைச் செலுத்தி, பொறுத்திருந்து, மறுபடி உறிஞ்சினார்கள். நான் கண்ணைத் திறக்கவேயில்லை. உலகெங்கும் இந்தக் கட்டிகளில் ஊசி செலுத்திய ஏறத்தாழ 6,000 தடவைகளை 2011இல் தொகுத்துப் பார்த்தபோது, ஒவ்வாமை அதிர்ச்சியால் இறந்தவர்கள் இருவர்தான். ஆயத்தமில்லாத அறையில், என்ன கட்டி என்றே தெரியாமல் குத்துவதைத்தான் நான் ஆபத்து என்பேன்.

வளைகுடாவில் ஆடு மேய்த்துத் திரும்பியவர்கள் நம் பக்கத்துத் தோட்டங்களிலும் இருப்பார்கள். ஈரலில் கட்டி என்று யாராவது ஊசியை எடுத்தால், ஆட்டையும் நாயையும் பற்றி முதலில் சொல்லுங்கள். இலங்கையில் இந்த நோய் அரிது. நீங்கள் சொல்லாவிட்டால் டொக்டருக்குத் தோன்றாமலே போகலாம்.