சிதம்பர ரகசியமும் மூன்று டிஸ்க்குகளும்

தேவாரம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தில் வருவது. மூவர் பாடிய ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. சோழ மன்னன் ஒருவன் நம்பியாண்டார் நம்பியோடு வந்து கேட்கிறான். அவனை ராஜராஜன் என்று சொல்வது வழக்கம். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள் தீட்சிதர்கள். மன்னன் அப்பர், சம்பந்தர், சுந்தரர் திருமேனிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே புற்று. கரையான் தின்றதுபோக மிஞ்சியதுதான் இன்று நம்மிடம் இருக்கும் தேவாரம்.

இதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்பது ஆய்வாளர்கள் பாடு. எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஏடுகளை யாரும் திருடவில்லை, எரிக்கவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். எடுத்துப் படிக்கவும் படியெடுக்கவும் வழியில்லாத பத்திரம்.

இந்தக் கதையை நான் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தது ஒரு டிஸ்க் கன்ட்ரோலரால்.

என் மாமா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பல மாதங்கள் தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கேட்டது எல்லோரும் ஒன்றுதான். "அந்தக் கல்யாணத்துல எடுத்த படத்துல எம் பொண்ணு நிப்பாண்ணே, அவள மட்டும் தனியா பெருசு பண்ணிக் குடுங்க." வீட்டில் இருந்த ஆல்பம் வீட்டோடு போயிருந்தது. ஸ்டூடியோவில் இருந்த நெகட்டிவ்தான் மிச்சம். மாமா 2007இல் ஒரு ஸ்கேனர் வாங்கி, பழைய நெகட்டிவ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒரு டிஸ்க் போனாலும் படம் போகக் கூடாது என்று, கடைக்காரர் சொன்னபடி மூன்று டிஸ்க்கும் ஒரு 'ரெய்டு கார்டு'ம் போட்டார். ரெய்டு என்றதும் இன்கம்டாக்ஸ் என்று நினைத்தாராம்.

2015 வெள்ளத்தில் கீழ் அலமாரியில் இருந்த நெகட்டிவ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2018இல் அந்தக் கார்டு செத்தது. டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கார்டு எங்கும் கிடைக்கவில்லை. செய்த நிறுவனம் கொடுத்திருந்தது எக்ஸ்பி காலத்து டிரைவர் ஒன்று மட்டும்.

"டிஸ்க் கெடலங்கிற. அப்புறம் படம்லாம் எங்கடா மாப்ள போச்சு?"

"எங்கயும் போவல மாமா. உள்ளதான் இருக்கு. படிக்கத்தான் ஆளில்ல."

ரெய்டு என்ற யோசனையை 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். மாமா வீட்டில் இருந்தது அதில் ஐந்தாவது வகை. தகவலைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் துண்டை ஒரு டிஸ்க்கிலும் அடுத்ததை இன்னொன்றிலும் எழுதுவார்கள். மூன்றாவதில் அந்த இரண்டின் ஒப்பீடு: பிட் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. எந்த ஒரு டிஸ்க் போனாலும் மற்ற இரண்டிலிருந்து அதை மீட்டுவிடலாம். ஒப்பீட்டுத் துண்டு ஒரே டிஸ்க்கில் குவியாமல் வரிசைக்கு வரிசை இடம் மாறும். துண்டின் அளவு என்ன, எந்த டிஸ்க் முதலாவது, ஒப்பீடு எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதெல்லாம் தெரியாவிட்டால் மூன்று டிஸ்க்கும் வெறும் எண் குப்பை.

கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் இருந்தது சாதாரண சாட்டா சிப். கணக்குப் போடத் தனி செயலியோ தனி மெமரியோ கிடையாது. வெட்டுவது, ஒப்பிடுவது, சேர்ப்பது எல்லாவற்றையும் விண்டோஸ் டிரைவர்தான் செய்துகொண்டிருந்தது. இந்த வகைக்கு எங்கள் தொழிலில் 'ஃபேக் ரெய்டு' என்றே பெயர். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருஷமும் ஊரிலிருந்து வருகிறவர்களை நடராஜர் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் வேலை. திரையை விலக்கினால் தங்க வில்வ மாலைகள் தொங்கும். அதற்குப் பின்னால் வெளி. கோயிலில் அந்த வெளிக்கு ஆகாயம் என்று பொருள் இருக்கிறது. இந்தக் கார்டின் திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு விலைப்பட்டியல் மட்டும்.

இந்தப் பிரச்சினை மாமாவோடு தொடங்கியதில்லை. ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அடாப்டெக் நிறுவனத்திடம் ரெய்டு கன்ட்ரோலர்களுக்கான ஆவணங்களைக் கேட்டுக் கிடைக்காமல், 2005இல் வந்த 3.7 பதிப்பின் வழக்கமான கர்னலிலிருந்து அதற்கான டிரைவரையே எடுத்துவிட்டார்கள். டிஸ்க் ஒன்று செத்தால் அதைக் கண்டுபிடிக்கவும் மாற்றவும் தெரியாத டிரைவர், ரெய்டு என்ற பேச்சையே பொய்யாக்குகிறது என்பது அவர்கள் வாதம். அதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. சாட்டா கன்ட்ரோலரோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை இன்டெல் ஏஹெச்சிஐ என்று எழுதி வெளியிட்டது. அதைப் பின்பற்றும் சிப் எந்த நாட்டில் யார் செய்ததாக இருந்தாலும் லினக்ஸில் ஒரே டிரைவர் போதும். ஆவணம் திறந்திருப்பதன் பலன் அவ்வளவுதான், அவ்வளவு பெரியது.

ஃபேக் ரெய்டுகளுக்காக ஹைன்ஸ் மாவல்ஸ்ஹாகன் எழுதிய டிஎம்ரெய்டு என்ற திறமூல நிரல் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் டிஸ்க்கில் விட்டுவைக்கும் குறிப்பைப் படித்து, 'இந்தத் துண்டு இங்கே, அந்தத் துண்டு அங்கே' என்று கர்னலின் டிவைஸ் மேப்பருக்குச் சொல்லும். மீதியைக் கர்னல் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த குறிப்பு வகைகளில் மாமாவின் கார்டு இல்லை.

முதல் வேலை, மூன்று டிஸ்க்கையும் சாதாரண போர்டில் மாட்டி அப்படியே நகல் எடுத்தது. அதன்பின் அசலைத் தொடவில்லை. குறிப்பு டிஸ்க்கின் கடைசி செக்டர்களில் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பைட் மட்டும் ஒன்றில் 0, ஒன்றில் 1, ஒன்றில் 2. அது வரிசை எண். இன்னோர் இடத்தில் பதினாறடிமானத்தில் 80, நம் கணக்கில் 128. ஒரு செக்டர் 512 பைட். 128 செக்டர் என்றால் 64 கேபி. அது துண்டின் அளவு. செக்டர் முழுவதையும் கூட்டினால் பூஜ்யம் வரும்படி கடைசியில் ஓர் எண்.

சுழற்சி முறை மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. வழக்கத்தில் இருப்பவை நான்கு. முதல் இரண்டு முறையிலும் படங்கள் பாதிகூடத் திறக்கவில்லை. மணவறையின் மேல்தோரணம் ஒரு பட்டையாகத் தெரியும், அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல். 64 கேபிக்குள் அடங்கிய சின்னப் படங்கள் மட்டும் முழுசாக வந்தன. மூன்றாவது முறையில் தோரணத்துக்குக் கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள், பக்கத்தில் ஜரிகைப் பாவாடையில் ஒரு சிறுமி. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இவளத்தான் பெருசு பண்ணேன்," என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கார்டு மாமாவுக்கு மட்டும் விற்கப்பட்டதில்லையே. ஊர் ஊராக எத்தனை ஸ்டூடியோ, ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ்? சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52இல் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர், தானே தனியாக எழுதும் நிரல் அதோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை, வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, தானே கண்டறிவது மீறல் ஆகாது. மாமா பில்லோடு வாங்கியவர்.

டிஎம்ரெய்டின் வளர்ச்சி அதற்குள் ஏறக்குறைய நின்றிருந்ததால் தனி நிரலாக எழுதினேன். சி மொழியில் சில நூறு வரிகள். டிஸ்க்கின் கடைசிக்குப் போ, அடையாளத்தைப் பார், கூட்டிச் சரிபார், வரிசையைப் படி, டிவைஸ் மேப்பருக்கு அட்டவணை கொடு. இயல்பாகப் படிக்க மட்டும்தான் அனுமதி. இரவல் டிஸ்க்கில் எழுத ஒரு நிரலுக்கு உரிமை கிடையாது. ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் வைத்தேன்.

நிரலைவிட எனக்குப் பிடித்தது கூடவே வைத்த ஆவணம். ஒரு செக்டர், 512 பைட், எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்ற அட்டவணை. நாளைக்கு என் நிரல் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாமல் போகலாம். அந்த ஒரு பக்கம் இருந்தால் யாரும் புதிதாக எழுதிவிடுவார்கள். ஏடு இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கும் முறையும் ஒருவர் கையில் தங்காமல் இருக்க வேண்டும்.

அட்டவணையில் 12 பைட்டுகளுக்கு எதிரே 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். ஒரு வருஷம் கழித்து முகம் தெரியாத ஒருவர் திருத்தம் அனுப்பினார். அவரிடம் இருந்த கார்டில் ஒரு டிஸ்க் போய், புதியதைச் சேர்க்கும் வேலை பாதியில் நின்றிருக்கிறது. எதுவரை சேர்த்தாகிவிட்டது என்பதை அந்தப் பன்னிரண்டில் நான்கு பைட்டுகள்தான் வைத்திருக்கின்றன என்று எண்களோடு காட்டியிருந்தார். நான் சரிபார்த்துச் சேர்த்தேன். மீதி எட்டுக்கு எதிரே இன்னமும் 'தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது.