கைநாட்டு

தாத்தா வட்டிக்காரன் நோட்டில் கைநாட்டு வச்சார். உள்ளே என்ன எழுதியிருந்ததென்று தெரியாமலே நிலம் போச்சு.

தாம்பரம் கடப்பேரியில் நம்ம பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பைத்தான் சொல்லித் தருகிறேன். கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட கணினி மொழி. வரியை உள்ளே தள்ளி எழுதுவதால் எது எதற்குள் அடக்கமென்று கண்ணுக்கே தெரியும். 2008இல் வந்த பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலும் வைக்கலாம்.

ஒரு பெண் வட்டிக் கணக்குக்கு நிரல் எழுதினாள். எக்ஸ், ஏ, பி என்றே பெயர்கள்.

"விடை வருதில்லண்ணா?"

"வருது. மெஷினுக்கு எந்தப் பேரும் ஒண்ணுதான். உங்கம்மா படிச்சா புரியுமா?"

அழித்து எழுதினாள்: வட்டி = அசல் * வீதம் * மாதம் / 100.

மாச வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கும் அவள் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். "இவ்வளவுதானா? அப்ப அவன் கூடல்ல வாங்கிட்டிருக்கான்!"

அந்த ஒரு வரியைத் தாத்தாவுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.