11 அடி 8 அங்குலப் பாலம்

டர்ஹாமில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், டியூக் பல்கலைக்கழகத்தின் தேவாலயத்தையும் பழைய புகையிலைக் கிடங்குகளையும் சொல்வார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், இந்த ஊரை ஒட்டிய ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேலை பார்க்கும் என் தங்கை மகனோ, "அதெல்லாம் அப்புறம் மாமா, முதல்ல ஒரு பாலத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளப்பிவிட்டான்.

கிரெக்சன் தெருவின் குறுக்கே போகும் சாதாரண ரயில் பாலம் அது. 1940 வாக்கில் கட்டியது. மேலே சரக்கு ரயில்களும் ஆம்டிராக் பயணிகள் ரயில்களும் ஓடுகின்றன. கீழே பல்லாண்டுகளாக இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம். அந்த மாநிலச் சாலைகளிலோ 13 அடி 6 அங்குல உயரம் வரை லாரிகள் ஓடலாம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் சிக்கிய லாரிகளின் கூரைகள் தகர டப்பா மூடி போலச் சுருண்டு உரிந்தன. பாலத்துக்கே 'டப்பா திறப்பான்' என்று பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் வேலை பார்த்த யூர்கன் ஹென் என்பவர் 2008ல் அங்கே காமிரா பொருத்தினார். நூற்றுக்கும் அதிகமான மோதல்கள் அதில் பதிவாயின. உலகமே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தவன்தான்.

நேரில் நின்றபோது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. பாலத்துக்குச் சற்று முன்னால் கனத்த இரும்பு உத்தரம் ஒன்று நிற்கிறது. லாரிகள் மோதுவது அதன் மேல்தான். அதை வைத்தது ரயில்வே. லாரியைக் காப்பாற்ற அல்ல, தண்டவாளத்தைக் காப்பாற்ற. அடி வாங்கிப் பாலம் நகர்ந்தால் அடுத்து வரும் ரயிலின் கதி என்ன என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் லாரிக்காரரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது யார்?

நகராட்சி சும்மா இருக்கவில்லை. தெருவைத் தாழ்த்தலாம் என்றால் அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய். பாலத்தை உயர்த்தலாம் என்றால் இருபுறமும் நெடுந்தூரத்துக்குத் தண்டவாளத்தையும் உயர்த்த வேண்டும். லாரிகளையே தடுத்துவிடலாம் என்றால், பாலத்துக்குச் சற்று முன் குறுக்கிடும் பீபாடி தெரு வரை அவை வந்து திரும்பியாக வேண்டும். ஆகவே எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள், மஞ்சள் விளக்குகளை மின்ன விட்டார்கள். 2016ல் ஒரு சிக்னலே வந்தது. உயரமான வண்டியை எலெக்ட்ரானிக் கண் கண்டுகொண்டால் சிவப்பு விழும், 'உயரம் அதிகம், திரும்பவும்' என்ற பலகை ஒளிரும். அப்படியும் சிவப்பு விழுவதற்குள் தாண்டிவிடலாம் என்று வேகம் எடுத்தவர்கள் உண்டு!

இத்தனை பலகைகளைப் பார்த்தும் ஏன் மோதுகிறார்கள்? விடை என் மருமகனிடமே இருந்தது. வீடு மாற்றும்போது வாடகை லாரி எடுத்திருக்கிறான். அங்கே கார் லைசென்சே அதற்குப் போதும். "என் வண்டி எவ்வளவு உயரம்னு எனக்கே தெரியாது மாமா. பலகையில 11 அடி 8ன்னு போட்டிருந்தா எனக்கென்ன புரியும்?" சிவப்பு விழுந்து நின்றபோதுதான், கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும்.

நம் நாட்டில் சிக்கல் வேறு மாதிரி. வைக்கோலோ பஞ்சுப் பொதியோ ஏற்றும் லாரிக்கு உயரம் என்பது லாரியுடையது அல்ல, பாரத்துடையது. அது தினம் மாறும். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்தபின்னும் பலகையில் பழைய எண்ணே நிற்கும். பாரத்தோடு தப்பிய லாரி, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஸ்பிரிங் எழும்பி அதே பாலத்தில் இடிப்பதும் உண்டு. சிக்கியபின் டயரில் காற்றை இறக்கி வெளியே எடுப்பது ஊரறிந்த வைத்தியம். இங்கே நம்பகமான கருவி கிளீனர்தான். இறங்கி, அண்ணாந்து பார்த்து, கை காட்டினால் வண்டி நகரும்.

மின்சார ரயில் பாதைகளின் லெவல் கிராசிங்கில் மட்டும் நம் ரயில்வே இதை அவர் கண்ணுக்கு விடவில்லை. தண்டவாளத்தின் இருபுறமும் 4.67 மீட்டர் உயரத்தில் குறுக்குச் சட்டம். உயரமான பாரம் முதலில் அதைத்தான் தொடும், 25,000 வோல்ட் கம்பியை அல்ல. இந்தச் சட்டம் ரயிலையும் காக்கிறது, லாரிக்காரரையும் காக்கிறது. டர்ஹாமின் உத்தரத்தைப் பார்த்த பிறகுதான் இதன் அருமை எனக்குப் புரிந்தது.

2019 அக்டோபரில் டர்ஹாம் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். செலவு சுமார் 5 லட்சம் டாலர். இடைவெளி இப்போது 12 அடி 4 அங்குலம். சில வாரங்களிலேயே ஒரு லாரி வந்து மோதியது.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஒரு வெள்ளை லாரி வந்தது. சிக்னல் சிவப்பானது. ஓட்டியவர் நின்று, எட்டிப் பார்த்து, சற்று நேரம் யோசித்து, பீபாடி தெருவில் திரும்பிப் போனார். மருமகன் காமிராவை உறையில் போட்டான்.