நூல்தான் முதலில் அறணும்

பழைய சேலை கைக்கு வந்தால் முதலில் ஃபால்ஸைப் பிரித்துவிடுவேன். சேலையின் நிஜ நிறம் அதற்கு அடியில்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துக் கிடக்க, அந்த அஞ்சு அங்குலம் மட்டும் கடையில் எடுத்த அன்றைய ராமர் பச்சையாக நிற்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு பெண் அந்தப் பச்சையைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அம்மா தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் சேலை அஞ்சையும் சேர்த்துத் தன் பிள்ளைக்கு ஒரு போர்வை தைத்துத் தரச் சொல்லி வந்திருந்தாள்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்தது என் மகளுக்காக. முதல் போர்வையைத் தையல் மிஷினில், கடையிலேயே கெட்டியானது என்று கேட்டு வாங்கிய பாலியஸ்டர் நூலில் தைத்தேன். இரண்டே வருஷம்தான். நூல் அறவில்லை, துணி அறுந்துபோனது. தையல் போன வழியெல்லாம் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை விழுந்து, பட்டை பட்டையாகக் கையோடு வந்தது. என் ஆச்சியின் சேலை அது. வேறு சேலை கிடையாது.

அன்றைக்குப் படித்த பாடம்: நூல் துணியைவிட நலிந்ததாக இருக்கணும். பிள்ளை இழுக்கத்தான் செய்யும், ஏதாவது ஒன்று அறத்தான் செய்யும். நூல் அறுந்தால் கால் மணி நேர வேலை. துணி கிழிந்தால் அதற்கு மேல் ஒட்டுப் போடலாம், போனது போனதுதான். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைக்கும்போது பழைய சேலையின் கரையிலிருந்தே இழை உருவித் தைப்பார்களாம். துணிக்கு என்ன வயசோ நூலுக்கும் அதே வயசு. காந்தாவும் நம் கந்தையும் ஒரே சொல்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை.

எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம். சங்கரன்கோவிலில் நூலுக்கு என்ன பஞ்சம்? பக்கத்துத் தறியில் தாரில் மிஞ்சும் பருத்தி நூலை வாங்கிவந்து நாலு இழையாக முறுக்கித் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். நாற்பதாம் நம்பர் என் கைக்குச் சரி. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு.

அந்தப் பெண் கொண்டுவந்த அஞ்சில் நாலு பருத்தி, ஒன்று பாலியஸ்டர். நான் தள்ளி வைத்தது அந்தப் பாலியஸ்டரைத்தான். "அதைத்தான்க்கா அம்மா தினமும் கட்டுவா" என்றாள். என்ன செய்ய? சேலைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உட்காருமிடமும் கீழ்க்கரையும் சல்லடையாகத்தான் இருக்கும். பீரோவில் வருஷக்கணக்கில் மடிந்து கிடந்த மடிப்பிலும் இழை நொறுங்கியிருக்கும். இடுப்பில் செருகும் முனை மட்டும் புதுசுபோல இருக்கும், யாரும் பார்க்காத பாகம் அது. வெட்டியதில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். பாலியஸ்டரை நடுவில் வைத்தால் பக்கத்துப் பருத்தியைத் தின்றுவிடும். அதனால் சுற்று ஓரத்துக்குக் கொடுத்தேன். பிள்ளை கடிப்பதும் இழுப்பதும் அங்கேதானே.

வெட்டுவதற்கு முன் ஊறப்போட வேண்டும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டாத வரைக்கும் அலச வேண்டும். பிள்ளை வாயில் வைக்கிற சாமான்.

"அம்மா வாசம் போயிராதாக்கா?"

"போகும்மா."

வேறு என்ன சொல்ல? ஒரு சேலையை அலசாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். போர்வை பிள்ளைக்கு, அது அவளுக்கு.

மூன்றடிக்கு நாலடி. மேலே ஒட்டு, அடியில் சேலை, நடுவில் பழைய நாலு முழ வேட்டி. ஒரு வேட்டியில் இரண்டு அடுக்கு கிடைக்கும். இலவம் பஞ்சு வைக்கச் சொல்வார்கள். அது வழுக்கிக்கொண்டு ஒரு மூலையில் போய்க் கட்டியாக உட்கார்ந்துவிடும், வேண்டாம். நடுவிலிருந்து வெளியே பார்த்து ஓட்டத்தையல் போடுவேன், அரிசி நீளத்துக்கு ஒரு தையல், இரண்டு விரல் இடைவெளி. துணியின் தொய்வெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், அங்கே நறுக்கிவிடலாம். கர்நாடகத்தில் எல்லாப்பூர் பக்கத்துச் சித்தி இனப் பெண்கள் நேர்மாறு: மூலையில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவில் முடிப்பார்கள். நான் ஒரு தடவை முயன்றேன், நடுவில் கோபுரம் எழும்பிவிட்டது. அவர்கள் நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைப்பார்கள், பூ இல்லாத போர்வை அம்மணம் என்பது அவர்கள் கணக்கு. அதை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு வயசு ஆகாத பிள்ளை தூங்கும்போது மேலே எந்தப் போர்வையும் போடக்கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், மூச்சு முட்டும். அதைச் சொல்லித்தான் கொடுத்தனுப்புவேன்.

பச்சையும் அரக்கும் சேரும் இடத்தில் மட்டும் தையல் கோணலாகிவிட்டது. பிரிக்கவில்லை. பிரித்தால் அந்தத் துணி தாங்காது. பாதி சிவனையும் பாதி பெருமாளையும் ஒரே உடம்பில் ஒட்டுத் தெரியாமல் சேர்த்த ஊர் இது, என் கைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

இந்த வருஷத் தபசுக்கு அந்தப் பெண் போர்வையோடு வந்தாள். இரண்டு வரிசைத் தையல் அறுந்து தொங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துணியில் ஒரு கீறல் இல்லை. உட்கார்ந்து ஊசியைக் கோத்தால், பிள்ளை மூலைப் பூவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மூன்று வயசுதான், பிடி மட்டும் தறிக்காரர் பிடி.

"ஊசி குத்திரும்ட்டி, விடு" என்று தாய்க்காரி சத்தம் போட்டாள்.

விடவில்லை. அந்த மூலையை அதன் கையிலேயே விட்டுவிட்டு, இந்தப் பக்கமிருந்து தைத்துக்கொண்டு போனேன்.