அந்தப் பெரியவர் பூச்சிமருந்து குடிக்கவில்லை

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போடும் ஒரு குடும்பம். வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு வருடமாக ஞாபக மறதி. காலையில் சாப்பிட்டதையே மறந்துவிட்டு, "இன்னும் சோறு போடலையா?" என்று கேட்பார். டவுனில் மருத்துவரிடம் காட்டினார்கள். மறதி நோய் என்று சொல்லி, முதுகில் ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரி ஒன்றை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று. எல்லாரும் அதை 'பேட்ச்' என்றுதான் சொல்வார்கள்.

மருமகள்தான் தினமும் மாமனாரைக் குளிப்பாட்டி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவார். ஒரு திங்கள்கிழமை காலையில் அப்படி ஒட்டி முடித்ததும், பிறந்த ஊரில் ஒரு சாவு என்று தகவல் வந்தது. புறப்படும் அவசரத்தில் வீட்டுக்காரரிடம், "மாமாவுக்குத் தினம் ஒண்ணு ஒட்டிடுங்க. ஒட்டின எடத்துலயே ஒட்டாம மாத்தி மாத்தி ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பழையதை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மகனும் சொன்னபடி செய்தார். செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, வியாழன் ஒன்று. மூட்டுவலிப் பிளாஸ்திரி போல, மருந்து தீர்ந்ததும் தானாக உரிந்து விழும் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை பெரியவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. "வயசாச்சுல்ல, எதைத் தின்னாலும் ஒத்துக்கறதில்ல" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். வியாழன் பகல் முழுக்க வாயில் எச்சில் வழிந்தது, சட்டை வியர்வையில் நனைந்தது. அதையும் வயதின் கணக்கிலேயே எழுதினார்கள். சாயங்காலம் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்து போனவர், அங்கேயே சுருண்டு விழுந்தார்.

தூக்கப் போன மகனுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் காற்றுக்கு எதிரே நின்று பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்து, அவரே இதே நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அதே எச்சில், அதே வியர்வை, கடுகுபோலச் சுருங்கிய கண்மணி. கொட்டகைப் பரணில்தான் பூச்சிமருந்து டப்பாக்கள் இருந்தன. "அப்பா எதையோ எடுத்துக் குடிச்சிட்டாருடா!" என்று அலறினார். 108 வந்தது.

ஆஸ்பத்திரியிலும் பூச்சிமருந்து விஷம் என்றே நினைத்து அட்ரோபின் ஊசியை ஆரம்பித்தார்கள். நாடி மிகவும் மெதுவாக ஓடியது. காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. "வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்கள். ஊரில் பேச்சு அதற்குள் பரவிவிட்டது: பெரியவரைச் சரியாகக் கவனிக்கவில்லை, மனசு வெறுத்துக் குடித்துவிட்டார் என்று. மகன் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

உடம்பைத் துடைப்பதற்காகச் சட்டையைக் கழற்றிய நர்ஸ்தான் பார்த்தார். முதுகில் மூன்று, தோளில் ஒன்று. நான்கு பேட்ச்கள்.

இரண்டும் ஒரே இனம்தான்

அந்த டாக்டர் நினைத்ததில் பெரிய பிழை இல்லை. வயலுக்கு அடிக்கும் மருந்தும் பெரியவரின் முதுகில் இருந்த மருந்தும் உடம்பில் கை வைக்கும் இடம் ஒன்றுதான்.

நரம்பு ஒரு செய்தியைத் தசைக்கோ இதயத்துக்கோ சொல்ல, அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுவது போல. வயல் நனைந்ததும் மடையை அடைக்க ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள்தான் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. மறதி நோயில் மூளைக்கு வரும் தண்ணீரே குறைவு. அதனால் மடையைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கிறார்கள். டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மருந்துகளின் வேலை இதுதான். நோயை இவை குணமாக்குவதில்லை. இருக்கும் ஞாபகத்துக்குச் சில காலம் முட்டுக்கொடுக்கின்றன.

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அதே ஆளை முழுவதுமாகக் கட்டிப்போட்டு, பூச்சியின் நரம்பில் வெள்ளம் பாய்ச்சிக் கொல்கின்றன. மக்காச்சோளக் குருத்தில் இடும் கார்போபியூரான் குருணை கார்பமேட் குடும்பம். பேட்சில் உள்ள ரிவாஸ்டிக்மினும் கார்பமேட் குடும்பம்தான். சரியான அளவில் அது மருந்து. நான்கு மடங்கில் விஷம். இரத்தப் பரிசோதனையில் அந்த நொதி குறைந்திருப்பது தெரிந்தாலும், எதனால் குறைந்தது என்பது அதில் தெரியாது. அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* புதிய பேட்ச் ஒட்டும் முன் பழையதை எடுத்தாயிற்றா என்று முதுகு, தோள், மார்பு மூன்றையும் பாருங்கள். பேட்ச்மீது பால்பாயின்ட் பேனாவால் கிழமையை எழுதிவிட்டு ஒட்டினால் குழப்பம் வராது. ஒரே இடத்தில் 14 நாளைக்குள் மறுபடி ஒட்டக் கூடாது.

* எடுத்த பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள், ஆடு மாடுகள் வாய்க்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். கையைக் கழுவுங்கள்.

* மாத்திரை என்றால் டப்பாவைப் பெரியவர் கையில் கொடுக்காதீர்கள். போட்டதை மறந்து மறுபடி போடுவார். டோனிபெசில் மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 70 மணி நேரம் ஆகும். ஒரு வேளை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகக் கொடுக்க வேண்டாம்.

* வாந்தி, வயிற்றுப்போக்கு, எச்சில் ஒழுகல், அடக்க முடியாத சிறுநீர், உடல் மெலிவு, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை வந்தால் வயது என்று விட்டுவிடாதீர்கள். சரியான அளவிலேயே சிலருக்கு இவை வரும். மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுப்புவது கடினம்.

* ரத்த அழுத்தத்துக்கு அட்டனலால், மெட்டோபிரலால் சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பு இன்னும் குறையலாம். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

* இந்த மருந்து எடுக்கும் பெரியவரை மருந்து அடிக்கும் வயல் பக்கம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பாதி திறந்த மடை அது. பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள்.

* ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். நான்கு பேட்ச்களையும் உரித்து, தோலைக் கழுவி, சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மருந்து மூன்று நாளுக்கு மேல் நின்றுபோனதால், மறுபடி குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பார்த்து வாங்கும் மகன் அவர். ஏக்கருக்கு எவ்வளவு, டேங்குக்கு எவ்வளவு என்று மூடியில் அளந்து ஊற்றுகிறவர். அப்பாவின் மருந்து அட்டைப்பெட்டிக்குள் மடித்திருந்த தாளை மட்டும் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்போது அந்தத் தாள் சாமி படத்துக்குப் பக்கத்தில், தினசரி காலண்டரோடு சேர்த்துக் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தினமும் காலையில் மருமகள் உள்ளிருந்தே கேட்கிறார்: "பழசை எடுத்தாச்சா?" மகன் "எடுத்தாச்சு" என்ற பிறகுதான் புதிய பேட்ச் உறையிலிருந்து வெளியே வருகிறது.