வெப்பம் போகும் வழி

பழுதுபட்ட பொருளைக் கண்டவுடன் பிரித்துப் பார்க்கத் துடிப்பவர் உண்டு. தொடவே அஞ்சி ஒதுங்குபவரும் உண்டு. தொடுவதற்கு முன் ஆராய்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. ஒரு மடிக்கணினி சூடேறிய சிறு நிகழ்ச்சி அந்நிலையை விளக்குகிறது.

கடைக்காரர் சொன்ன மருந்து

கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றித் தரும் தொழிலாளி ஒருவர் வாழ்ந்துவந்தார். அவருடைய மகள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. வீட்டிலிருந்தது ஒரே மடிக்கணினி. அவளுடைய அண்ணன் ஐந்து ஆண்டுகளுக்கு முன் முதல் சம்பளத்தில் வாங்கியது அது. அவளுக்குப்பின் பதினோராம் வகுப்புப் படிக்கும் தம்பிக்குச் சேர வேண்டியது.

கோடையில் அம்மடிக்கணினி தொல்லை தரத் தொடங்கியது. விசிறி இரைந்தது, விசைப்பலகை சுட்டது, எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க எட்டு நாள்களே இருந்தன.

பழுதுபார்க்கும் கடைக்காரர் கணினியைத் திறக்காமலேயே தீர்ப்புச் சொன்னார்: “உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். மாற்ற 800 ரூபாய் ஆகும். மூன்று நாள் கொடுத்துவிட்டுப் போங்கள்.” அவள் கணினியுடன் வீடு திரும்பினாள். தானே மாற்றிவிடலாமா என்ற எண்ணம் வழியெல்லாம் அவளைத் தொடர்ந்தது.

இடைவெளியில் நிற்கும் காற்று

தெர்மல் பேஸ்ட் என்பது வெப்பத்தைக் கடத்தும் களிம்பு. நுண்செயலியின் மீது ஒரு செப்புத் தகடு அழுந்தியிருக்கும். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அவற்றின் பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அப்பள்ளங்களில் காற்று தங்கிவிடும். வெப்பங்கடத்தும் திறனை மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என அளப்பர். செப்புக்கு அது ஏறத்தாழ 400, காற்றுக்கோ 0.026 மட்டுமே. பள்ளங்களை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதே களிம்பின் பணி.

தகடு பெற்ற வெப்பத்தைச் செப்புக் குழாய்கள் மெல்லிய உலோக இதழ்களுக்குக் கொண்டுசெல்லும். விசிறி அதனை வெளியே தள்ளும். இவ்வழியில் எங்கே அடைப்பு ஏற்பட்டாலும் நுண்செயலி கொதிக்கும். ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே சென்றால், தன்னைக் காத்துக்கொள்ளக் கணினியை அணைத்துவிடும்.

தந்தையின் கேள்விகள்

தந்தைக்குக் கணினி தெரியாது. ஆனால் சூடேறிய மோட்டார்களை முப்பது ஆண்டுகளாகக் கண்டவர். “இது படிப்படியாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா அம்மா?” என்று கேட்டார். படிப்படியாக என்றாள். “எங்கே வைத்து வேலை செய்கிறாய்?” மெத்தைமேல் என்றாள். “காற்று வெளியே வருகிறதா?” அதை அவள் கவனித்ததே இல்லை.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் நெறி. கடைக்காரர் தீர்வில் தொடங்கினார். தந்தை காரணத்தில் தொடங்கினார்.

கணினி மேசைக்கு மாறியது. வெப்பத்தைக் காட்டும் மென்பொருள் 98 என்றது. காற்றுப் போக்கியருகே கையை வைத்தாள். காற்று மூச்சுத் திணறுவதுபோல் வந்தது. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தபோது, விசிறிக்கும் இதழ்களுக்கும் இடையே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் அதை அகற்றினாள்.

அதன்பின் கணினி தானாக அணையவில்லை. ஆயினும் பெரிய கோப்பைத் திறந்த நொடியிலேயே வெப்பம் 94-க்குத் தாவியது. இப்போது காற்று வேகமாக வந்தது. ஆனால் அது வெதுவெதுப்பாகவே இருந்தது. உள்ளே கொதிக்கிறது, வெளியே வெம்மை வரவில்லை. அப்படியானால் வெப்பம் இதழ்களைச் சென்றடையவே இல்லை என்பதை அவள் உணர்ந்தாள். கடைக்காரரின் கணிப்பில் பாதி உண்மையிருந்தது.

எட்டு நாள்

களிம்பை மாற்றத்தான் வேண்டும். எப்போது மாற்றுவது என்பதே எஞ்சிய வினா. தகட்டைக் கழற்றும்போது நுண்செயலியின் விளிம்பு சிதையலாம். மெல்லிய இணைப்பு நாடா அறுந்துபோகலாம். பிற நாள்களில் அது பொருளிழப்பு. இந்த எட்டு நாளில் அது ஓராண்டின் உழைப்பு.

“நாற்று காயும் நேரத்தில் ஓடுகிற மோட்டாரை நான் பிரிப்பதில்லை. தண்ணீர் பாய்ந்து முடியட்டும் என்று காத்திருப்பேன்” என்றார் தந்தை.

அவள் காத்திருக்க முடிவு செய்தாள். ஆய்வேட்டை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்தாள். நுண்செயலியின் உச்ச வேகத்தை அமைப்பில் குறைத்தாள். வேலை மெதுவாக நடந்தது, ஆனால் தடைப்படவில்லை. எட்டாம் நாள் ஏடு கல்லூரியைச் சேர்ந்தது.

பயறளவு களிம்பு

மறுநாள் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்தனர். தகட்டை எடுத்தபோது, பழைய களிம்பு காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் இரு பரப்புகளையும் துடைத்தாள். புதிய களிம்பை ஒரு பயறளவு வைத்தாள்.

“கிரீஸ் என்றால் தாராளமாக வைப்போமே!” என்று தந்தை கை நீட்டினார்.

“இது பள்ளத்தை மட்டும் நிரப்பினால் போதும் அப்பா. நல்ல களிம்பும் செப்புக்குப் பல மடங்கு கீழேதான். கூடுதலாக வைத்தால் இதுவே சுவராகிவிடும்” என்றாள் மகள். முப்பது ஆண்டு அனுபவம் கொண்ட கை பின்வாங்கியது.

தகட்டில் எண்ணிட்டிருந்த வரிசைப்படி, தம்பி திருகாணிகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்கினான். வேகக் கட்டுப்பாட்டை நீக்கி அதே கோப்பைத் திறந்தார்கள். வெப்பம் 76-இல் நின்றது. வெளியேறிய காற்றில் இப்போது நல்ல சூடு இருந்தது.

பழுதுபார்த்த மோட்டாரின்மேல் அன்றைய தேதியைச் சாயத்தால் எழுதுவது தந்தையின் வழக்கம். மகளும் ஒரு சிறு தாளில் தேதியை எழுதிக் கணினியின் அடிப்புறத்தில் ஒட்டினாள். அதன்கீழே, “முதலில் தூசியைப் பார்” என்று தம்பிக்காக ஒரு வரி சேர்த்தாள்.