கோலிக்குண்டும் டபுள் பில்லும்

போன வாரம் இரவு பத்தரை மணி இருக்கும். சேலத்தில் எங்கள் வீட்டு மாடியில் பேத்தி கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெங்களூர் கம்பெனி வேலைதான், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். பால் கொடுக்கப் போன நான் திரையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். புரியாத ஆங்கிலத்துக்கு நடுவே வெறும் கோடும் எழுத்துமாக ஒரு வரி.

"இது என்ன கண்ணு, தந்தியா?"

"மார்பிள் டயாகிராம் தாத்தா. கோலிக்குண்டுப் படம்."

அவர்கள் செய்வது லாரி முதலாளிகளுக்கான செயலி. டிரைவருக்கு டிரிப் அட்வான்ஸை செல்போனிலேயே அனுப்பலாம். நாமக்கல் பக்கம் ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார். சிக்னல் சரியில்லை, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறார். பணம் இரண்டு தடவை போய்விட்டது. அதைத்தான் சரி செய்துகொண்டிருந்தாள்.

அந்தப் படம் எளிதுதான். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. ஒரு சிறு கோடு ஒரு மில்லி விநாடி. எழுத்து வந்தால் அங்கே ஏதோ நடந்தது என்று அர்த்தம். நெட்டுக்கோடு முடிவு, # குறி பிழை. அவள் ஆங்கில எழுத்து போட்டிருந்தாள், நான் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறேன்:

பொத்தான்: --அ--அ
பதில் வர ஆகும் நேரம்: -----ப|

மெர்ஜ்மேப் என்ற முறையில் எழுதினால் இரண்டு அழுத்தத்துக்கும் பதில் வரும்:

-------ப--ப

ஸ்விட்ச்மேப் என்றால் இரண்டாவது வந்ததும் முதலாவதைக் கைவிட்டுவிடும்:

----------ப

எதிர்பார்க்கும் கோட்டை நாமே வரைந்து கொடுக்க வேண்டும். நிரல் அதே கோட்டைத் தந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இதில் ஓடுவது நிஜ நேரம் இல்லை, பொய் நேரம். முப்பது விநாடி காத்திருக்க வேண்டிய சோதனைகூடக் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்ற கருவிப்பெட்டியில் இதற்கென்றே டெஸ்ட் ஷெட்யூலர் இருக்கிறதாம்.

எனக்கு இது அவ்வளவு புதிதாகத் தெரியவில்லை. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். வகுப்புச் சுவரில் நீளமாகக் காகிதம் ஒட்டி, மன்னர்களையும் புரட்சிகளையும் கோட்டின் மேல் குறித்து வைத்திருப்பார்கள். 'பிரீஸ்' என்போம். பாரிஸ்–லியோன் ரயில்கள் அத்தனையையும் இப்ரி என்ற பொறியாளர் ஒரே தாளில் சாய்கோடுகளாக வரைந்தார். எத்தியேன்-ழூல் மாரே 19-ஆம் நூற்றாண்டிலேயே அதைத் தன் நூலில் போட்டிருக்கிறார். குறுக்கே நேரம், நெடுக்கே ஊர்கள். இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு ரயில் சந்திக்கிறது. 2013-ல் திறந்த நம் சேலம்–நாமக்கல்–கரூர் ஒற்றைப் பாதையில் அந்த வெட்டு ஒரு ஸ்டேஷனில் விழுந்தாக வேண்டும். நடு வழியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேத்தி ஸ்விட்ச்மேப் போட்டிருந்தாள். பச்சை விழுந்திருந்தது. "ஒரே ஒரு ப தான் தாத்தா, முடிஞ்சுது" என்றாள்.

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

நான் வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆன சமயம். எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவருக்கு அர்ரியர் பில் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்பினேன். பல நாள் தகவலே இல்லை. தொலைந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, முதல் பில்லை மனதிலிருந்து அழித்துவிட்டு, இன்னொன்று எழுதி அனுப்பினேன். இரண்டும் பாஸாகிவிட்டன. அந்த மனிதர் மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார். தணிக்கையில் பிடித்தார்கள். எனக்கு 17-ஏ மெமோ. அதுகூடப் பரவாயில்லை. அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்தார்கள், பிடித்தப் பட்டியல் எழுதியதும் நானேதான். கடைசி வரை என் மேஜைக்கு அவர் டீ கொண்டுவரவில்லை.

"முதல் அழுத்தத்தைக் கைவிட்டேன்கிறியே கண்ணு, அதுக்குள்ள அது பேங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தா?"

அவள் பேசவில்லை. பிறகு, "நம்ம பக்கம்தான் கைவிடும். அங்க போனது போனதுதான்" என்றாள்.

"அப்ப பேங்குக்கு எங்க கோடு? நீ உன் கவுன்டரை மட்டும் வரைஞ்சிருக்க."

எக்ஸாஸ்ட்மேப் என்று இன்னொன்று உண்டாம். முதல் வேலை முடியும் வரை அடுத்த அழுத்தத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. அதற்கு மாற்றினாள். நல்லதுதான். ஆனால் பணம் போய்ச் சேர்ந்தபின் பதில் மட்டும் வழியில் அறுந்து # வந்தால்? முதல் வேலை முடிந்ததாகக் கணக்கு. முதலாளி மறுபடி அழுத்துவார், அதுவும் போகும்.

கீழே பொய் பேங்குக்கு என்று ஒரு கோடு சேர்த்தாள். பணம் கழியும்போதெல்லாம் அதில் ஒரு 'க' விழ வேண்டும். ஒரே ஒரு க தான் வரவேண்டும் என்று எழுதி ஓட்டினாள். இரண்டு க. சிவப்பு.

"இப்பதான் உண்மையைச் சொல்லுது" என்றேன்.

ஒவ்வொரு அட்வான்ஸுக்கும் முதல் அழுத்தத்திலேயே ஒரு நம்பர் கொடுத்துவிட வேண்டும், மறுபடி அழுத்தினாலும் அதே நம்பர்தான் போக வேண்டும், பேங்க் பக்கம் அந்த நம்பர் ஏற்கெனவே இருந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும் என்று பேசி முடித்தோம். இதற்கு அவர்கள் ஊரிலும் ஏதோ நீளமான பெயர் இருக்கிறது. நான் டோக்கன் என்றேன். சர்வர் பக்கத்து ஆட்கள் வேறு குழு, திங்கட்கிழமைக் கூட்டத்தில் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டுமாம்.

பால் ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் அந்தச் சிவப்புச் சோதனையை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, "கூட்டத்துல இதைத்தான் காட்டப் போறேன்" என்றாள். கீழே பாட்டி மாடிப்படி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள், இறங்கி வந்துவிட்டேன்.